கேள்வி – பதில்: வீட்டு மீடியா சர்வரும் ரெய்டு அமைப்பும்

பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, வீட்டிலுள்ள படங்கள், பாடல்கள், வீடியோக்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்து டிவியிலும் செல்பேசியிலும் பார்ப்பது குறித்தும், பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் ரெய்டு முறை குறித்தும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், அவற்றுள் விரிவாக எழுதப்பட்டிருந்த கடிதங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். வீடியோ கேசட்டில் இருந்த குடும்பத் திருமணங்களை டிஜிட்டலாக மாற்றியது, பிள்ளைகளின் புகைப்படங்கள், வாங்கி வைத்திருந்த டிவிடிகளைக் கணினியில் ஏற்றியது என மொத்தம் 6 டெராபைட் சேர்ந்துவிட்டது. 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் நான்கு வாங்கி ரெய்டு 5 போட்டுவிட்டால் தனியாக பேக்கப் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். அப்படியே செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: டிஸ்க்குகளைத் தாராளமாக வாங்குங்கள், பேக்கப் தேவையில்லை என்ற பேச்சை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு பற்றிய தங்கள் கட்டுரையை எழுதியபோது, விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வேகத்தைப் பெறுவதும், அவற்றில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதுமே அவர்களுடைய நோக்கம். அதாவது, ஒரு டிஸ்க் போன பிறகும் இரவு எட்டு மணிப் படம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்குத்தான் ரெய்டு. நீங்கள் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த அழிப்பு அதே நொடியில் எல்லா டிஸ்க்குகளிலும் நிறைவேறிவிடும். பவர் சப்ளை பழுதாகி அதிக மின்னழுத்தம் பாய்ந்தாலோ, வீட்டில் திருட்டுப் போனாலோ, வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலோ ரெய்டு உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

ரெய்டு 5இன் கணக்கையும் பார்த்துவிடுவோம். நான்கில் ஒரு டிஸ்க்கின் அளவு பாரிட்டி எனப்படும் மீட்புத் தகவலுக்குப் போக, 12 டெராபைட் உங்களுக்குக் கிடைக்கும். ஒரு டிஸ்க் பழுதானால், எஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் புதிய டிஸ்க்கை நிரப்ப முடியும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்று கொண்டாலும் இதற்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும், இடையில் யாராவது படம் பார்த்தால் இன்னும் நீளும். அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க் மக்கர் செய்தால் எல்லாம் போயிற்று. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய நான்கு டிஸ்க்குகளும் ஒரே வயதில் தளர்வது நடக்கக்கூடியதே. படிக்க முடியாத பிழை 12.5 டெராபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கை விவரத்தாளிலிருந்து எடுத்துக்காட்டி, ரெய்டு 5இல் மீட்பு ஒருநாளும் நடக்காது என்று மிரட்டுபவர்களும் உண்டு. அது மிகை, அந்த எண் உற்பத்தியாளர் தரும் உச்சவரம்பே தவிர சராசரி அல்ல. ஆனாலும், வேறு எங்கும் நகல் இல்லாத திருமண வீடியோவை அந்த ஏழரை மணி நேரத்தை நம்பி விட்டுவைக்க நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை இதுதான். உங்கள் 6 டெராபைட்டை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். டிவிடிகள் அலமாரியில் இருக்கும்வரை அவற்றின் நகலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சலிப்பான வேலைதான், ஆனால் இழப்பு இல்லை. கேசட்டுகள் அப்படியல்ல. காந்த நாடா பூஞ்சை பிடித்தும் உதிர்ந்தும் கெடுவது, அதைப் போட்டுப் பார்க்கும் பிளேயரும் கிடைப்பதில்லை. ஆகவே கணினியில் உள்ள கோப்புதான் இனி மூலம். நான்கு டிஸ்க்கில் மூன்றை மட்டும் சர்வரில் பொருத்தி, இரண்டில் கோப்புகளும் ஒன்றில் பாரிட்டியும் வைத்துக்கொள்ளுங்கள் (இதற்கான ஸ்னாப்ரெய்டு மென்பொருள் பற்றி அடுத்த பதிலில்). நான்காவதை யுஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு, கேசட் வீடியோக்களையும் புகைப்படங்களையும் அதில் நகலெடுத்து, உங்கள் பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதியவற்றைச் சேர்த்துவிட்டு வந்தால் போதும். நகலெடுக்க ஆர்சிங்க் கட்டளை நல்லது, ஆனால் அதில் ‘டிலீட்’ என்ற விருப்பத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சர்வரில் தவறுதலாக அழிந்தவை பேக்கப்பிலும் அழிந்துவிடும்.

கேள்வி: எம்டி ரெய்டு, இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், ஸ்னாப்ரெய்டு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான மதர்போர்டின் பயாஸிலேயே ரெய்டு வசதி இருப்பதால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: பயாஸில் உள்ளதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது மென்பொருள் ரெய்டுதான்; மதர்போர்டு போனால் அதே வகை மதர்போர்டைத் தேடி அலைய நேரும். லினக்ஸிலேயே உள்ள மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டில் அந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அமைப்பின் விவரம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருப்பதால், டிஸ்க்குகளைக் கழற்றி லினக்ஸ் ஓடும் வேறு எந்தக் கணினியில் மாட்டினாலும் அது அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை படிக்கும் சினிமா, பாடல் போன்றவற்றுக்கு எனக்குப் பிடித்தது ஸ்னாப்ரெய்டும் மெர்ஜர்எஃப்எஸ்ஸும் சேர்ந்த ஏற்பாடு. இதில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியான சாதாரண டிஸ்க்; மெர்ஜர்எஃப்எஸ் அவற்றை ஒரே ஃபோல்டர்போலக் காட்டுகிறது. ஸ்னாப்ரெய்டு நீங்கள் ‘சிங்க்’ கட்டளை கொடுக்கும்போது மட்டும் பாரிட்டியைக் கணக்கிட்டுத் தனி டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. பாரிட்டி தாங்கும் அளவுக்கு மேல் டிஸ்க்குகள் பழுதானாலும், பழுதானவற்றில் இருந்தவை மட்டுமே போகும். மற்றவை அப்படியே இருக்கும். ஒரு படம் பார்க்க அந்தப் படம் உள்ள டிஸ்க் மட்டும் சுழன்றால் போதும் என்பதால் சத்தமும் சூடும் குறைவு. குறை என்னவென்றால், கடைசி சிங்க்குக்குப் பிறகு சேர்த்தவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தரவுத்தளம் போன்றவற்றுக்கு இது ஒத்துவராது. படங்களை டிவிக்கும் செல்பேசிக்கும் அனுப்பும் சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபின் தன் விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தை இயங்குதளம் இருக்கும் எஸ்எஸ்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு, எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்து, கெட்டுப்போன துண்டைத் தானே கண்டுபிடித்து, நகலோ பாரிட்டியோ இருந்தால் திருத்தியும்கொள்கிறது. குடும்பப் புகைப்படங்களுக்கு இதைவிட நல்ல வீடு இல்லை. உரிம வேறுபாட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு அது சேர்ந்து வருவதில்லை என்றாலும், 16.04 பதிப்பு முதல் உபுண்டு அதைத் தயாராகத் தருகிறது. ஏற்கெனவே உள்ள ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் பாரிட்டி வகை ரெய்டு) தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மட்டும் கூடுதலாகச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வெளியான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில்தான் வந்தது. அதனால் இணையத்தில் ‘முடியவே முடியாது’ என்று எழுதியிருப்பவை பழைய குறிப்புகள். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பை, ஒரே தகவல் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்படி கண்ணாடி நகலாக வைக்கலாம். அதன் ரெய்டு 5, 6 வகைகளை அதை உருவாக்கியவர்களின் ஆவணமே பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ5 கணினியில் ஜெல்லிஃபின் ஓடுகிறது. 4கே படம் போட்டால் டிவியில் திக்கித் திக்கி ஓடுகிறது. வேகத்துக்காக இரண்டு டிஸ்க்கை ரெய்டு 0 ஆக மாற்றலாமா? தமிழ் சப்டைட்டிலும் கட்டம் கட்டமாக வருகிறது. (வாசகர், சேலம்)

பதில்: கோப்புகளைத் துண்டாக்கி இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதும் ரெய்டு 0ஆல் பயன் இல்லை, ஒரு டிஸ்க் போனால் இரண்டில் உள்ளதும் போகும் என்பதுதான் மிச்சம். புளூ-ரேயிலிருந்து அப்படியே எடுத்த 4கே படம்கூடச் சராசரியாக நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது, அதாவது 12.5 மெகாபைட். இன்றைய சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்றே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தரும். படம் ஓடும்போது ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். ‘டிரான்ஸ்கோடிங்’ என்று காட்டினால், டிவிக்குப் புரியாத வடிவில் உள்ள படத்தை உங்கள் கணினி உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 4கே படங்கள் பெரும்பாலும் 10-பிட் எச்இவிசி என்ற வீடியோ சுருக்க வடிவில் இருக்கும். இன்டெல்லின் உட்பொதிந்த கிராஃபிக்ஸில் அதற்கான முழு வன்பொருள் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆகவே அந்த வடிவத்தை நேரடியாக ஓட்டவல்ல டிவி அல்லது டிவி பெட்டியைப் பயன்படுத்தி, வைஃபைக்குப் பதிலாக கேபிள் இழுத்துவிட்டால் பழைய ஐ5 கணினியே இன்னும் சில ஆண்டு ஓடும், ஏனெனில் அப்போது சர்வர் செய்ய வேண்டியது கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே.

சப்டைட்டில் படமாக இருந்தால் அதைக் காட்சியின் மேல் பதிப்பதற்காகவே டிரான்ஸ்கோடிங் தொடங்கிவிடும். எழுத்துக் கோப்பாக இருந்தால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் வராது. கட்டங்கள் தெரிவது தமிழ் எழுத்துரு இல்லாததால். சர்வரே எழுத்தைக் காட்சியில் பதிக்கிறது என்றால் சர்வரில் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவ வேண்டும். மென்பொருளைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் அந்தப் பெட்டிக்கு (கன்டெய்னர்) உள்ளே அது தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: 12 டெராபைட் கிடைக்க வேண்டிய ரெய்டில் 10.9தான் காட்டுகிறது. கோப்பு எழுதப் போனால் அதிலும் அரை டெராபைட் குறைகிறது. ஏமாற்றப்பட்டேனா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் கணினி 1024 ஆகவும் எண்ணுவதால் 12 என்பது 10.9 ஆகிறது. அடுத்த அரை டெராபைட், ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பு ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனருக்காக ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம். இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் அந்த ஒதுக்கீடு தேவை. படங்கள் மட்டும் இருக்கும் தொகுப்பில் தேவையில்லை. ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளையில் எம் என்ற விருப்பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தால், இருக்கும் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அது திரும்பக் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்தடை அதிகம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் சர்வர் அணைந்து எரிகிறது. அதன் பிறகு ரெய்டு மணிக்கணக்கில் ‘ரீசிங்க்’ செய்கிறது. மின்கட்டணமும் எவ்வளவு கூடும் என்று சொல்லுங்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இன்வெர்ட்டரில் யுபிஎஸ், நார்மல் என்று இரு நிலைகள் கொண்ட பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், பல மாதிரிகளில் அது பின்புறம் இருக்கும். நார்மல் நிலையில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் தெரியாத சிறு இடைவெளி கணினியை அணைத்துவிடும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல சாதாரண இன்வெர்ட்டருக்கு வழியில்லை. அதற்காக, யுஎஸ்பி இணைப்புள்ள சிறிய யுபிஎஸ் ஒன்றைச் சர்வருக்கு மட்டும் வைத்து, லினக்ஸில் நட் என்ற மென்பொருளை நிறுவினால், பேட்டரி குறைந்ததும் சர்வர் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். தகவல் எழுதப்பட்டு அதற்கான பாரிட்டி எழுதப்படும் முன் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும் என்பதால், ரெய்டு 5 வைத்திருப்பவர்கள் இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

டிஸ்க்குகளை ஒன்றோடொன்று மீண்டும் பொருத்திச் சரிசெய்யும் ரீசிங்க் மணிக்கணக்கில் ஆவதற்குக் காரணம் பிட்மேப் இல்லாததாக இருக்கலாம். எந்தெந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தோம் என்ற குறிப்பேடு அது. எம்டி ரெய்டை நிர்வகிக்கும் ‘எம்டிஏடிஎம்’ கட்டளையின் குரோ விருப்பத்தால் ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்பிலேயே அதைச் சேர்க்கலாம். பிறகு அந்தப் பகுதிகள் மட்டும் சரிபார்க்கப்படுவதால் வேலை சில நிமிடங்களில் முடியும். கட்டணத்துக்கு, சர்வர் 40 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 29 யூனிட், உங்கள் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 58 யூனிட் கூடும்.

கேள்வி: சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் மூன்றில் ரெய்டு 5 வைத்திருந்தேன். ஒரு டிஸ்க் தொகுப்பிலிருந்து வெளியேறியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் சோதனையில் ‘பாஸ்டு’ என்றே வந்ததால் மீண்டும் சேர்த்தேன். அது நிரம்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டிஸ்க் வெளியேறிவிட்டது. இப்போது தொகுப்பு ஏறவே இல்லை. ‘கிரியேட்’ கட்டளையை மறுபடி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கொடுக்காதீர்கள். ‘கிரியேட்’ டிஸ்க்குகளில் இருக்கும் பழைய விவரத்தை அழித்துப் புதிதாக எழுதும். டிஸ்க்குகளின் வரிசையோ துண்டின் அளவோ தொடக்க இடமோ கொஞ்சம் மாறினாலும், தொடர்ந்து தானாக நடக்கும் ரீசிங்க் உங்கள் கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். டிஸ்க் பழுதால் போனதைவிட இந்தக் கட்டளையால் போனதுதான் அதிகம் என்பேன்.

முதலில் ‘எம்டிஏடிஎம் எக்ஸாமின்’ கட்டளையால் மூன்று டிஸ்க்கின் விவரத்தையும் எடுத்து ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் ‘ஈவென்ட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். உங்கள் கடிதத்தின்படி, பாதி நிரம்பிய முதல் டிஸ்க் பயன்படாது. எப்போதும் நன்றாக இருந்ததும் கடைசியாக வெளியேறியதும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அப்படியானால் அந்த இரண்டை மட்டும் பெயர் சொல்லி ‘அசெம்பிள் ஃபோர்ஸ்’ செய்தால் தொகுப்பு குறைநிலையில் எழுந்து நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. எழுந்ததும் படிக்க மட்டும் அனுமதிக்கும் விதத்தில் மவுன்ட் செய்து, மிக முக்கியமானவற்றை முதலில் நகலெடுங்கள். கடைசியாக வெளியேறிய டிஸ்க்கில் உண்மையிலேயே கெட்ட பகுதிகள் இருந்தால், அதை அப்படியே ‘டிடிரெஸ்க்யூ’ மூலம் புதிய டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வைத்து மேற்சொன்னதைச் செய்வது பாதுகாப்பானது.

இனி, நல்ல டிஸ்க்குகள் ஏன் ஒவ்வொன்றாக வெளியேறின என்பதற்கு வருவோம். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது, தன்னிடம்தான் ஒரே நகல் இருக்கிறது என்ற எண்ணத்தில் ஒரு நிமிடத்துக்கு மேலும் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். லினக்ஸ் கெர்னல் இயல்பாக 30 நொடிதான் பொறுக்கும்; அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்து மீண்டும் தொடங்கப் பார்க்கும், டிஸ்க் அப்போதும் வாய் திறக்காததால் அது செத்துவிட்டதாக முடிவு செய்து வெளியேற்றிவிடும். நாஸ் (வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வகை டிஸ்க்குகள் இதற்காகவே சுமார் 7 நொடியில் தோல்வியை ஒப்புக்கொள்ளும்படி வருகின்றன. உடனே பிழை தெரிந்தால் ரெய்டு அந்தப் பகுதியை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதும். டிஸ்க்கும் கெட்ட பகுதிக்கு மாற்றிடம் ஒதுக்கிக்கொள்ளும். நீங்கள் எதையும் அறியாமலே பிரச்சினை முடிந்துவிடும். உங்கள் டிஸ்க்கில் இந்த வசதி இருக்கிறதா என்று ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையில் ‘எஸ்சிடிஇஆர்சி’ விருப்பத்தால் பார்த்து, இருந்தால் 70 என்று கொடுங்கள்; அது நொடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. பெரும்பாலான டிஸ்க்குகள் அணைந்து எரிந்ததும் இதை மறந்துவிடுவதால், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அது ஓடும்படி வைக்க வேண்டும். வசதி இல்லாத டிஸ்க்குக்கு எதிர்வழி: கெர்னலின் பொறுமையை 180 நொடியாக உயர்த்திவிடுங்கள்.

அடுத்த முறை டிஸ்க் வாங்கும்போது அது எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். தடங்களை ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது. ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் ரெய்டு மீட்பின்போது வேகம் படுத்துவிடும். 2020இல், நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் மாதிரிகள் சிலவும் எஸ்எம்ஆர் என்று தெரியவந்தபின், அந்த நிறுவனம் பட்டியல் வெளியிட்டு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயரிட்டது.

‘பாஸ்டு’ என்ற சொல்லை நம்பியது இயல்புதான், ஆனால் அது மிகவும் தாராள மனம் கொண்ட தேர்வாளர். கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையும் காட்டவில்லை. அதனால் அறிகுறி இல்லாதது நலத்துக்குச் சான்றாகாது; அறிகுறி இருந்தால் மட்டும் நம்ப வேண்டும். ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பு பூஜ்யத்திலிருந்து கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 கூடினால் டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்க் பழுதானது தெரியாமலே பல மாதம் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? (வாசகர், சென்னை)

பதில்: அப்படி ஓடும் சர்வர்கள் பல, ஏனென்றால் குறைநிலையிலும் படம் நன்றாகவே தெரியும். ‘எம்டிஸ்டேட்’ கோப்பைத் திறந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் டிஸ்க்குக்கு ஒன்றாக ஆங்கில ‘யூ’ எழுத்து வரிசையாக நிற்கும். போன டிஸ்க்கின் இடத்தில் ஓர் அடிக்கோடு மட்டும் கிடக்கும். அதைத் தினம் யாரும் பார்ப்பதில்லை. எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, ‘மானிட்டர்’ கட்டளையில் ‘டெஸ்ட்’ விருப்பத்தைச் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சோதனைக் கடிதம் உங்கள் செல்பேசிக்கு வந்து சேராவிட்டால் கண்காணிப்பு இல்லை என்றே கொள்ளுங்கள். டெபியனில் எம்டி தொகுப்புகள் மாதத்தின் முதல் ஞாயிறன்று தாமாகவே முழுச் சரிபார்ப்புக்கு உள்ளாகும்; ஸ்னாப்ரெய்டில் ‘ஸ்கிரப்’ கட்டளையை நீங்கள்தான் அட்டவணையில் போட வேண்டும்.

டிஸ்க்கை மாற்றும் நாளுக்காக இன்றே ஒரு வேலை செய்துவிடுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த முறை பூட் ஆகும்போது இடம் மாறக்கூடும். அவற்றை நம்பிக் கழற்றினால் நல்ல டிஸ்க் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பெட்டியைத் திறந்ததும் தெரிகிற பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்; பழுதுச் செய்தி வந்ததும் ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் கழற்றுங்கள்.